வண்டியில் யாருக்கு இடம்?

சென்ற உயிர்ப்புப் பெருவிழா விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த என் மகன், இரவு உணவு முடிந்ததும் திண்ணையில் என் அருகே வந்து அமர்ந்தான். கைப்பேசியை என்முன் நீட்டி, ஒன்றன்பின் ஒன்றாகக் கார்களின் படங்களைக் காட்டினான். ஒன்று லிட்டருக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓடுமாம். மற்றொன்றில் ஆறு ஏர்பேக்குகள் உண்டாம். இன்னொன்று ஐந்தாண்டு கழித்து விற்றாலும் நல்ல விலைக்குப் போகுமாம். வேறொன்று பெட்ரோலே கேளாமல் மின்சாரத்தில் ஓடுமாம். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "இதுல எதை வாங்கலாம்னு நீங்க சொல்லுங்கப்பா" என்றான்.

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றியவன். விடை தெரியாத கேள்விக்கும் ஏதேனும் சொல்லிச் சமாளிக்கும் பழக்கம் உள்ளவன். ஆயினும் அன்றிரவு என்னால் வாய் திறக்க இயலவில்லை. "காலையில சொல்றேன்" என்று எழுந்துவிட்டேன். அவன் கேட்ட கேள்விக்கான விடை, நான் அவனிடம் ஒருநாளும் சொல்லாத ஒரு நிகழ்ச்சியோடு பிணைந்து கிடந்ததே காரணம்.

எங்கள் ஊர் உத்தமபாளையத்தை அடுத்தது. இருபுறமும் மலைகள், நடுவே முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்கள், தென்னந்தோப்புகள், பன்னீர்த் திராட்சைப் பந்தல்கள். என் தந்தையார் நான்கு ஏக்கர் நிலத்தை நம்பிக் குடும்பம் நடத்தியவர். என் சிறு வயதில் எங்கள் வீட்டு வாகனம் மாட்டுவண்டிதான். மாடு வாங்குவதென்றால் அது ஒரு பெரிய காரியம். சந்தைக்குச் சென்று மாட்டின் உடலில் உள்ள சுழிகளைப் பார்ப்பார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். நடக்கவிட்டுக் குளம்பின் தடத்தைப் பார்ப்பார்கள். துண்டைப் போட்டு மூடிய கைகளுக்குள் விரல்களால் விலை பேசுவார்கள். இன்று கார் வாங்குவோர் பதிவு எண்ணின் கூட்டுத்தொகை பார்ப்பதையும், நிறம் பார்ப்பதையும் காணும்போது, நாம் அந்தச் சந்தையை விட்டு வெகுதூரம் வந்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் தந்தையாருக்கு ஒரு கொள்கை உண்டு. வண்டி வெறுமையாகப் போகக்கூடாது. வயலிலிருந்து திரும்பும்போது வழியில் நடந்து போகிறவர் யாராயினும், "ஏறிக்க" என்பார். ஏறுகிறவரின் சாதியை அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அக்காலத்தில் எங்கள் பகுதியில் அது சிறிய காரியமன்று.

பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. நம் நாட்டில் நெடுங்காலம் கார் வாங்குவோருக்குத் தேர்வு செய்ய அதிகம் இருந்ததில்லை. மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில், ஆங்கிலேயரின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி 1950களின் இறுதியில் பிறந்த அம்பாசிடர் ஒன்று. பம்பாயில் உருவான ஃபியட், அதாவது பிற்காலத்துப் பத்மினி, மற்றொன்று. நம் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னொன்று. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே எதை வாங்குவது என்பதைவிட எது கிடைக்கும் என்பதே கேள்வியாக இருந்தது.

அந்த மூன்றிலும் எங்கள் பகுதி அம்பாசிடரைத்தான் விரும்பியது. அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன. எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைப் பழுது பார்க்கலாம். மேடு பள்ளமான சாலையில் அது சளைக்காது. அனைத்திலும் மேலாக அதன் பின்னிருக்கை ஒரு திண்ணையைப் போன்றது. மணப்பெண்ணும் தோழியரும் அமரலாம். பிரசவ வலி கண்ட பெண்ணைப் படுக்க வைத்து மதுரைக்கு அழைத்துச் செல்லலாம். ஊருக்கு ஒரு வாடகை அம்பாசிடர் இருந்தால் போதும், ஊர் முழுவதும் கார் வைத்திருப்பதாகவே பொருள். அதை ஓட்டுபவர் எல்லா வீட்டு நல்லது கெட்டதுகளையும் அறிந்தவராக இருப்பார்.

மலைக்கோ அம்பாசிடர் போதாது. மலைக்கு ஜீப் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்கென உருவான வண்டி அது. போர் முடிந்த சில ஆண்டுகளில் மகிந்திரா நிறுவனத்தார் அதை நம் நாட்டில் பூட்டத் தொடங்கினர். போருக்காகப் பிறந்த வண்டி எங்கள் பள்ளத்தாக்கில் ஏலக்காய் வண்டியாயிற்று. நான்கு சக்கரங்களுக்கும் விசை பாய்வதால் எஸ்டேட்டின் மண் சாலையில் சேறு கிடந்தாலும் ஏறிவிடும். தகடு நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம், முறிந்தால் பற்றவைக்கலாம். எங்கள் பகுதிக்கு வேறு வழியும் இல்லை. போடிநாயக்கனூருக்கு 1928இல் இரயில் வந்தது. அகலப்பாதை வேலைக்காக 2010இன் இறுதியில் நின்ற அந்த இரயில், 2023இல்தான் போடிக்குத் திரும்பி வந்தது. கம்பமும் கூடலூரும் இன்றுவரை இரயிலைக் கண்டதில்லை. எங்களுக்கு எல்லாம் சாலைதான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் பக்கத்து ஊர்களில் நின்று பார்த்தவர்கள் அந்தக் காட்சியை மறக்க மாட்டார்கள். தெருமுனைகளில் ஜீப்புகள் நிற்கும். ஒரு கையில் தூக்குவாளியும், இடுப்பில் சுருட்டிய உரச்சாக்குமாகப் பெண்கள் வந்து ஏறுவார்கள். குமுளி வழியாகவும், கம்பம்மெட்டு வழியாகவும், பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டு வழியாகவும், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு அவர்கள் கூலி வேலைக்குச் செல்கிறார்கள். பத்துப் பேர் அமரும் இடத்தில் பதினைந்து, பதினெட்டுப் பேர் நெருக்கியடித்து அமர்வார்கள். மாலையில் இருட்டும் வேளைக்குத்தான் திரும்புவார்கள். அந்த நெருக்கடியால் நேர்ந்த விபத்துகளும் உண்டு. திரும்பி வராதவர்களும் உண்டு. இன்றும் அப்பயணம் நிற்கவில்லை.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நாம் கார் வாங்கும்போது எத்தனை ஏர்பேக்குகள் என்று கேட்கிறோம். கேட்பது நியாயமே. ஆனால் நாள்தோறும் தவறாமல் மலையேறி இறங்கும் அந்தப் பெண்களிடம், உங்களுக்கு எந்த வண்டி வேண்டும் என்று எவரும் கேட்டதில்லை. வந்து நிற்கும் வண்டியில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை. வண்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே ஒரு செல்வம் என்பதை நான் மெதுவாகத்தான் உணர்ந்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள், தலைநகர் தில்லியில், பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800 காரின் சாவியை ஒருவரிடம் வழங்கினார். ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலையில் விற்பனைக்கு வந்த அந்தச் சிறிய கார், பின்வந்த ஆண்டுகளில் நம் நாட்டு நடுத்தர மக்களின் கனவாக மாறியது. அதுவரை கார் என்பது பண்ணையாருக்கும் மருத்துவருக்கும் உரியது என்றிருந்தோம். அலுவலக எழுத்தரும் ஆசிரியரும் கூடக் கார் வைத்திருக்கலாம் என்ற எண்ணத்தை அந்தச் சிறு வண்டியே தந்தது.

எனக்கும் அந்தக் கனவு இருந்தது. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அது நிறைவேறியது. வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுத்தேன். மனைவியின் நகைகளை அடகு வைத்தேன். எஞ்சியதற்கு வங்கிக் கடன். வெள்ளை நிற மாருதி 800. எங்கள் தெருவின் முதல் சொந்தக் கார். பங்குத்தந்தை வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். வழிப்பயணத்தின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரின் சிறு சுரூபத்தைக் கண்ணாடியின் அருகே ஒட்டி வைத்தேன். அனைவரும் மகிழ்ந்தனர். என் தந்தையார் மட்டும் காரைச் சுற்றி வந்து, மாட்டைத் தட்டிப் பார்ப்பது போல் அதன் கூரையை ஒருமுறை தட்டிவிட்டு, "எத்தனை பேர் ஏறலாம்?" என்று கேட்டார்.

"நாலு பேர்ப்பா. நெருக்கினா அஞ்சு."

"நம்ம வீட்டுலயே நாலு பேர் இருக்கோமே. அப்ப மத்தவங்களுக்கு?"

நான் சிரித்துவிட்டேன். கார் என்பது மாட்டுவண்டி அன்று என்று அவருக்கு விளக்கவும் செய்தேன்.

அவ்வாண்டு நவம்பர் மாதம். குமுளியில் உடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரின் இல்லத் திருமணத்திற்குச் சென்றுவிட்டு, மாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். நல்ல மழை. அருகில் என் மனைவி. அவள் மடியில் ஐந்து வயது மகன் உறங்கிக்கொண்டிருந்தான். பின்னிருக்கை முழுவதும் வெறுமையாக இருந்தது. வாங்கி மூன்று மாதங்கள் ஆகியும், இருக்கைகளின்மேல் கடைக்காரர் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறையை நான் அகற்றவில்லை. உறையை எடுத்தால் புதுமை போய்விடும் என்பது என் எண்ணம்.

லோயர் கேம்பை நோக்கி இறங்கும் மலைச்சாலையின் ஒரு வளைவில் ஜீப் ஒன்று பழுதாகி நின்றது. அதன் முன்சக்கரம் ஒருபுறமாகச் சாய்ந்திருந்தது. ஏலத்தோட்டத்துப் பெண்கள் பாறை ஓரமாக வரிசையாக நின்றனர். உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தும் அனைவரும் தெப்பமாக நனைந்திருந்தனர். நான் வேகத்தைக் குறைத்தேன். ஒரு பெண் ஓடிவந்தார். எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர் அவர், கணவரை இழந்தவர், என்னிடம் படித்த மாணவி ஒருத்தியின் தாய். நான் கண்ணாடியைப் பாதி இறக்கினேன்.

"சார், இந்தப் பெரியம்மாவுக்குக் காய்ச்சலா இருக்கு. கீழ வரைக்கும்..." என்று தொடங்கியவர், பின்னிருக்கையைப் பார்த்தார். மழைநீர் படாத அந்த உறை விளக்கொளியில் பளபளத்தது. அவர் தம் சேலையையும், ஏலக்காய் எடுத்துக் கறுத்துப்போன கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு தாமே சொன்னார்: "வேணாம் சார். புதுக் கார். நாங்க சேறும் சகதியுமா இருக்கோம். பின்னால பஸ் வரும்."

அவர் எனக்காக ஒரு வழியைத் திறந்து வைத்தார். நான் அதில் நுழைந்து தப்பினேன். "ஆமா, பஸ் வந்துரும்" என்று சொல்லிக் கண்ணாடியை ஏற்றினேன்.

அடிவாரம் வரை என் மனைவி ஒன்றும் பேசவில்லை. லோயர் கேம்பைத் தாண்டியதும், "அந்த அம்மாவையாவது ஏத்தியிருக்கலாம்" என்றாள். "மலைச்சாலையில எப்படித் திருப்புறது?" என்றேன். திருப்ப முடியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். வீட்டிற்கு வந்ததும் முதல் வேலையாகத் துணி எடுத்துக் காரின்மேல் படிந்திருந்த மழைத்துளிகளைத் துடைத்தேன்.

பேருந்து ஒன்றரை மணி நேரம் கழித்தே வந்தது என்று பின்னர் அந்த ஜீப் ஓட்டுநர் சொல்லக் கேட்டேன். காய்ச்சலில் நடுங்கிய மூதாட்டி இரண்டு வாரம் படுக்கையில் கிடந்தார். இரண்டு வாரக் கூலி போயிற்று. என்னை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தப் பெண் மறுநாளும் தெருவில் என்னைக் கண்டு, "தோத்திரம் சார்" என்றார்.

நல்ல சமாரியரின் உவமையை நான் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். கண்டும் காணாமல் விலகிச் சென்றவர்களைப் பற்றி மாணவர்களிடம் வினா எழுப்பியிருக்கிறேன். ஆனால் அந்த உவமையில் ஒரு வாகனமும் இருக்கிறது என்பது அதுவரை என் மனத்தில் படவில்லை. அடிபட்டுக் கிடந்தவரைச் சமாரியர் தம் சொந்த விலங்கின்மேல் ஏற்றினார். அப்படியானால் அவர் சத்திரம் வரை நடந்துதான் சென்றிருக்க வேண்டும். குருதி அந்த விலங்கின்மேல் விரித்திருந்த துணியில் பட்டிருக்க வேண்டும். அவர் உறையைப் பற்றிக் கவலைப்படவில்லை. என் காரிலோ, குழந்தை உருவில் வந்த ஆண்டவரைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்ததாகச் சொல்லப்படும் புனிதரின் சுரூபம் முன்னால் ஒட்டியிருந்தது. பின்னிருக்கை வெறுமையாக வந்தது.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 2003ஆம் ஆண்டு ஒரு விடியற்காலை. என் தந்தையாரின் வாய் ஒருபுறம் கோணி, வலக்கை செயலிழந்தது. பக்கவாதம் என்று புரிந்தது. காரை எடுக்க ஓடினேன். பேட்டரி செயலற்றிருந்தது, எத்தனை முறை சாவியைத் திருகியும் எஞ்சின் உயிர்பெறவில்லை. நான்கு பேர் சேர்ந்து தள்ளியும் பயனில்லை. என் மனைவியின் அழுகுரல் தெருமுனையில் நின்ற எஸ்டேட் ஜீப் வரை கேட்டிருக்கிறது. ஓட்டுநர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து எங்கள் வாசலில் நிறுத்தினார். அதில் அமர்ந்திருந்த பெண்கள் ஒருவர் பாக்கியின்றி இறங்கினர். அவர்களை யாரும் இறங்கச் சொல்லவில்லை.

ஜீப்பின் இரு பக்கப் பலகைகளுக்கு நடுவே சாக்குகளை விரித்துத் தந்தையாரைக் கிடத்தினோம். வளைவுகளில் உருண்டுவிடாதபடி பிடித்துக்கொள்ள இரண்டு பெண்கள் உடன் ஏறினர். அவர்களுள் ஒருவர் அந்தக் கடைசி வீட்டுப் பெண். மருத்துவமனை வரை என் தந்தையாரின் தலை அவர் மடியில் இருந்தது. தந்தையாரின் வாயிலிருந்து ஒழுகிய நீரை அவர் தம் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே வந்தார். தோட்டத்து வாசலுக்கு நேரம் தவறிச் சென்றால் அன்றைக்கு வேலை கிடையாது. ஆகவே அந்த ஜீப்பில் செல்ல வேண்டிய அத்தனை பேரும் அன்று கூலியை இழந்தனர். நான் பணம் கொடுக்க முயன்றபோது ஒருவரும் வாங்கவில்லை. ஓட்டுநர் மட்டும், "டீசலுக்குக் குடுங்க சார், போதும்" என்றார்.

தந்தையார் பிழைத்தார். கைத்தடியின் துணையோடு மேலும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். நானோ அமைதியிழந்தேன். அவ்வாண்டுத் தவக்காலத்தில் ஒப்புரவு அருட்சாதனத்தில் அந்த மழைநாளை அறிக்கையிட்டேன். அருள்பணியாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதை அவர்களிடம் சொன்னீர்களா?" என்று மட்டும் கேட்டார். சொல்லவில்லை. அன்று மாலையே சென்றேன். அவர் முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிறிது நேரம் யோசித்தார்.

"எந்த மழை சார்? எத்தனையோ மழை" என்றார்.

மன்னித்ததால் அவர் அவ்வாறு சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. ஐந்து ஆண்டுகளாக என் நெஞ்சை அழுத்திய அந்த மாலை, அவரைக் கடந்து சென்ற எத்தனையோ கார்களுள் ஒரு கார், அவ்வளவுதான். அவர் கோபித்திருந்தால் நான் ஆறுதல் அடைந்திருப்பேன். அவருடைய மறதியே எனக்குக் கிடைத்த கடுமையான தீர்ப்பாயிற்று.

அதன்பின் வண்டிகளைப் பற்றி என் பார்வை மாறியது. சில செய்திகள் என் மனத்தில் தங்கின. 1964ஆம் ஆண்டு டிசம்பரில், பம்பாயில் நடந்த நற்கருணை மாநாட்டிற்கு வந்த திருத்தந்தை ஆறாம் பவுல், தமக்கெனக் கிடைத்த வெள்ளை நிற லிங்கன் காரை அன்னை தெரசாவிடம் கொடுத்துச் சென்றார். அன்னை அதில் ஏறித் திரியவில்லை. குலுக்கல் சீட்டு நடத்தி, கிடைத்த பணத்தைத் தொழுநோயாளரின் மறுவாழ்வுக்குப் பயன்படுத்தினார். 2013ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ், அருள்பணியாளரும் துறவியரும் விலையுயர்ந்த புத்தம்புதிய கார்களில் செல்வது தமக்கு வேதனை தருகிறது என்று குருமாணவரிடமும் துறவற இளைஞரிடமும் வெளிப்படையாகவே சொன்னார். அதே ஆண்டில் இத்தாலிய அருள்பணியாளர் ஒருவர் அளித்த 1984ஆம் ஆண்டுப் பழைய ரெனால்ட் காரை மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார். 2025 ஏப்ரலில் அவர் இறைவனடி சேர்ந்தபின் ஒரு செய்தி வெளிவந்தது. 2014இல் பெத்லகேமில் அவர் பயன்படுத்திய வாகனத்தை, காசாவின் குழந்தைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தியாக மாற்ற வேண்டும் என்பது அவரது இறுதி விருப்பங்களுள் ஒன்றாம். கூட்டத்தை வாழ்த்த ஒருவர் நின்று சென்ற வண்டியில், நோயுற்ற குழந்தைக்கு இடம் ஒதுக்கிவிட்டு அவர் விடைபெற்றார்.

இப்படிச் சொல்வதால் கார் வாங்குவோரை நான் குறை கூறுவதாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு வண்டிக்குப் பின்னும் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் பள்ளத்தாக்கில் வாழைத்தாரும் காய்கறியும் சந்தைக்கு ஏற்றுகிற விவசாயி, மக்கள் குட்டி யானை என்று பெயரிட்டு அழைக்கும் டாடா ஏஸ் வண்டியை வாங்குகிறார். அது அவருடைய சோறு. மலைப்பக்கம் போய்வருகிறவர் பொலிரோவைத் தேடுகிறார். பேரப்பிள்ளைகளோடு வேளாங்கண்ணிக்குச் செல்ல விரும்பும் குடும்பம் ஏழு பேர் அமரும் வண்டியைப் பார்க்கிறது. ஊரில் தலைவர் என்று பெயரெடுக்க விரும்புகிறவர் உயரமான வெள்ளை வண்டியைத் தேர்ந்தெடுக்கிறார். அவருக்கும் ஏதோ ஓர் ஏக்கம்.

மனிதர் பயனை மட்டும் பார்த்து வண்டி வாங்குவதில்லை என்பதற்கு நானோ காரின் கதையே சான்று. இருசக்கர வண்டியில் குடும்பமே நெருக்கி அமர்ந்து மழையில் செல்வதைக் கண்ட ரத்தன் டாடா, அவர்களுக்காகவே ஒரு இலட்ச ரூபாய்க் காரை நினைத்தார். 2009இல் அது வந்தது. நோக்கம் உயர்ந்தது. ஆயினும் நாட்டிலேயே விலை குறைந்த கார் என்ற பெயரே அதற்குப் பகையாயிற்று. 2018இல் அதன் உற்பத்தி நின்றது. ஏழை என்று நெற்றியில் எழுதிக்கொண்டு சாலையில் செல்ல எவருக்கும் மனம் வருவதில்லை. மாருதி வாங்கியபோது என் மனத்திலும் இருந்தது அதுவேதான். நான் வாங்கியது போக்குவரத்துச் சாதனத்தை மட்டுமன்று. தெருவில் ஒரு மதிப்பையும் சேர்த்தே வாங்கினேன். மதிப்பைக் காக்கத்தான் பிளாஸ்டிக் உறை தேவைப்பட்டது. அந்த அம்பாசிடரும் என் மாருதி 800உம் ஒரே ஆண்டில், 2014இல், உற்பத்தி நிறுத்தப்பட்டன. நாம் எதைக் கட்டிக் காக்கிறோமோ அதற்குரிய காலம் அவ்வளவுதான்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து வந்ததும் மகனை அழைத்து அனைத்தையும் சொன்னேன். தன் தாயின் மடியில் உறங்கிக்கொண்டே தானும் அந்தக் காரில் வந்ததை அவன் அன்றுதான் அறிந்தான். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப எந்தக் கார் வாங்கட்டும்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"மாதத் தவணை உன் தூக்கத்தைக் கெடுக்காத எந்தக் காரையும் வாங்கு. அதுல உயிருக்குப் பாதுகாப்பு இருக்கான்னு பாரு. வாங்குறதுக்கு முன்னால தாத்தா கேட்ட கேள்வியை உன்கிட்டயே ஒருமுறை கேட்டுக்க" என்றேன்.

அன்பு வாசகரே, ஒருவர் ஓட்டும் காரைக் கொண்டு அவருடைய வருமானத்தை நாம் எளிதில் கணித்துவிடுகிறோம். அவருடைய உள்ளத்தை அறிய, அந்தக் காரில் இதுவரை யார் யார் ஏறினார்கள் என்று கேட்க வேண்டும். ஐந்து இருக்கையுள்ள கார் வறியவரும் ஏறத்தக்கதாக இருக்கலாம். பத்து இருக்கையுள்ளது வெறுமையாகவே ஓடித் தேயலாம். தேர்வு காரோடு முடிந்துவிடுவதில்லை. மழை பெய்யும் சாலையில், வளைவுதோறும் அது மீண்டும் நம்முன் வந்து நிற்கிறது.

இரண்டு மாதங்கள் கழித்து மகன் கார் வாங்கிவந்தான். ஐந்து பேர் அமரும் சாதாரணக் கார்தான். பங்குத்தந்தை மந்திரித்துவிட்டுச் சென்றார். இருக்கைகளின்மேல் பிளாஸ்டிக் உறை பளபளத்தது. நான் பார்த்தேன்; ஒன்றும் சொல்லவில்லை. அவன் வீட்டிற்குள் சென்று தன் தாயிடம் கத்தரிக்கோலை வாங்கி வந்து, பின்னிருக்கையிலிருந்து வெட்டத் தொடங்கினான்.